அயலவர் கடையில் ஒரு கோப்பைச் சோறு

வீட்டில் உண்ணும் சோற்றுக்கு நாம் சாட்சி கேட்பதில்லை. அரிசியைக் களைந்தவர் உம்மா, மீனை வாங்கி வந்தவர் வாப்பா. தேங்காய் துருவியது யார், ஆணத்துக்கு உப்புப் பார்த்தது யார் என்பதும் எமக்குத் தெரியும். கடையில் அமர்ந்து உண்ணும்போது இவற்றில் ஒன்றும் தெரியாது. கண்ணால் காணாத அடுப்பில், பெயர் தெரியாத ஒருவர் சமைத்ததை வாங்கி வாயில் வைக்கிறோம். யோசித்துப் பார்த்தால் இது பெரிய விடயம். முன்பின் அறியாதவரிடம் பணத்தைக் கொடுக்கத் தயங்கும் நாம், உடலையே ஒப்படைக்கும் இந்தக் காரியத்தை யோசிக்காமல் செய்கிறோம்.

இந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது? அது எப்போது உடைகிறது? உடைந்தால் யாருக்கு நட்டம்? கடைச் சாப்பாடு இன்று மாணவியருக்கும் பெற்றோருக்கும் அன்றாட விடயமாகிவிட்டதால், இக்கேள்விகளுக்கு விடை தேடுவது அவசியமாகிறது.

வாவிக்கரையின் சாப்பாட்டுக் கடைகள்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயல்வெளிகள் விரியும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அழைக்கிறோம். எழுவான்கரை வீதியில் பஸ்ஸில் போனால் ஊர்கள் மாறி மாறி வரும். நாவற்குடா தாண்டினால் காத்தான்குடி, அதைத் தாண்டினால் ஆரையம்பதி. வடக்கே செங்கலடிக்குப் பக்கத்தில் ஏறாவூர், வாழைச்சேனைக்குப் பக்கத்தில் ஓட்டமாவடி. தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் இவ்வாறு தோளோடு தோள் உரசி நிற்பது இப்பிரதேசத்தின் அமைப்பு.

சாப்பாட்டுக் கடைகளும் அப்படியே. இறைச்சிப் புரியாணிக்கும் கொத்து ரொட்டிக்கும் முஸ்லிம் ஹோட்டல். தோசைக்கும் வடைக்கும் சைவக் கடை. யார் எந்த ஊரவர் என்று பாராமல், பசித்தவர் தமக்குப் பிடித்த கடைக்குப் போவது வழக்கம்.

காத்தான்குடிக் கடையொன்றில் வரும் ஒரு கோப்பைச் சோற்றைப் பிரித்துப் பாருங்கள். அரிசி பெரும்பாலும் படுவான்கரை வயலில் விளைந்தது. இறாலும் நண்டும் கொடுவா மீனும் வாவியில் வலை வீசியவர் பிடித்தவை. கடைசியில் வரும் எருமைத் தயிர், சட்டியோடு படுவான்கரையிலிருந்து வந்திருக்கலாம். ரொட்டிக்கான கோதுமை மா, திருகோணமலை சீனக்குடாவில் உள்ள பிரிமா ஆலையில் அரைபட்டதாக இருக்கலாம். அந்தக் கோதுமையோ கப்பலில் வந்தது. முஸ்லிம் ஹோட்டலின் ஒரு கோப்பையில் தமிழ் விவசாயியின் உழைப்பும், தமிழ், முஸ்லிம் மீனவரின் உழைப்பும், தூர தேசத்துக் கோதுமைச் செய்கையாளரின் உழைப்பும் ஒன்றாகக் கிடக்கின்றன. "இது எங்கள் சாப்பாடு" என்று ஒரு சமூகம் மட்டும் உரிமை கொண்டாடக்கூடிய கோப்பை இக்கரையில் கிடைப்பது அரிது.

சொற்கள் சொல்லும் கதை

உணவின் பெயரைக் கேட்டாலே அது நடந்து வந்த பாதை தெரியும். புரியாணி என்பது வறுத்தல், பொரித்தல் என்ற பொருள்தரும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. அலுவா அரபியின் 'ஹல்வா'. பாண் போர்த்துக்கேயர் தந்த சொல். நாம் சமைக்கும் இடத்தைக் 'குசினி' என்று சொல்வதும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. கடைப் பலகையில் எழுதியிருக்கும் 'நாசி கொரேங்' மலாய் மொழியில் 'பொரித்த சோறு' என்ற எளிய பொருள் கொண்டது. பெருநாளில் நாம் அவிக்கும் வட்டிலப்பத்தை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் மலாயர் என்றே சொல்லப்படுகிறது. அண்மைக் காலத்தில் வந்த ஷவர்மா, 'சுழற்றுதல்' என்ற பொருளுள்ள துருக்கிச் சொல்லின் அரபு வடிவம்.

இவற்றின் நடுவே கொத்து ரொட்டி மட்டும் தமிழ்ப் பெயரோடு நிற்கிறது. மெல்லிய ரொட்டியைச் சூடான இரும்புத் தட்டில் போட்டு, முட்டை, மரக்கறி, ஆணம் சேர்த்து, இரண்டு தகடுகளால் கொத்துவதால் அது கொத்து ரொட்டி. கிழக்கு மாகாணக் கடைகளோடு சேர்த்துப் பேசப்படும் இவ்வுணவு இன்று கொழும்பிலும், இலங்கையர் குடியேறிய லண்டன், டொரொன்டோ நகரங்களிலும் கிடைக்கிறது. மிஞ்சிய ரொட்டியும் மிஞ்சிய ஆணமும் வீணாகாமல் புதிய உணவாக மாறும் சிக்கனம் அதற்குள் இருக்கிறது. வாங்கிக்கொண்டே வந்த எமது குசினி, கொடுத்ததும் உண்டு என்பதற்கு அது அடையாளம்.

ஜோர்ஜியர் விரிக்கும் சுப்ரா

எமக்குச் சிறிதும் பழக்கமில்லாத ஒரு சமையலை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கருங்கடலின் கிழக்குக் கரையில், கோக்கசஸ் மலைகளின் அடியில், துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் அயலில் இருக்கும் சிறிய நாடு ஜோர்ஜியா. அமெரிக்காவில் உள்ள அதே பெயர்கொண்ட மாநிலம் வேறு. இந்த நாட்டின் தலைநகர் திபிலீசி. அங்கே மருத்துவம் படிக்கப் போகும் தென்னாசிய மாணவர் ஏராளம் என்பதால், நாளை எம்மில் ஒருத்தி ஜோர்ஜிய உணவுக் கடையொன்றில் அமர்வது நடக்காத காரியமல்ல. மொஸ்கோ, லண்டன், நியூயோர்க் போன்ற நகரங்களில் இன்று ஜோர்ஜியர் நடத்தும் கடைகளும் இருக்கின்றன.

அங்கே மேசைக்கு முதலில் வருவது பெரும்பாலும் கச்சாபுரி. ஜோர்ஜிய மொழியில் 'பூரி' என்றால் ரொட்டி. பாற்கட்டியை உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டிதான் கச்சாபுரி. கருங்கடல் ஓரத்து அஜாரா பகுதியில் அதைத் தோணி வடிவில் செய்து, நடுவில் உருகிய பாற்கட்டியின் மேல் முட்டையை உடைத்து ஊற்றி, ஒரு துண்டு வெண்ணெய் வைப்பார்கள். ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து நடுவில் தோய்த்து உண்ண வேண்டும். அடுத்தது கிங்காலி. மெல்லிய மாவில் இறைச்சியையும் மசாலாவையும் வைத்து, மேலே கொண்டைபோல் முறுக்கி அவித்தது. அதைக் கையால் எடுத்துத்தான் உண்பார்கள். முள்ளுக்கரண்டியால் குத்தினால் உள்ளே ஊறியிருக்கும் சாறு ஒழுகிப் போய்விடும். கொண்டையைப் பிடித்துக் கவிழ்த்து, ஒரு சிறு கடி கடித்து, முதலில் சாற்றை உறிஞ்சிவிட்டு மீதியை உண்ண வேண்டும். கொண்டைகளை உண்ணாமல் கோப்பையில் விட்டுவிடுவதால், யார் எத்தனை உண்டார் என்பதை எண்ணிச் சொல்லலாம். கையால் உண்பது நாகரிகமல்ல என்று எண்ணும் எம்மவர் சிலர் இந்தக் காட்சியைக் காண வேண்டும்.

இன்னும் வியப்பானவை இரண்டு சொற்கள். ஜோர்ஜியர் தமது நீண்ட விருந்தை 'சுப்ரா' என்கிறார்கள். உணவு பரப்பும் விரிப்பைக் குறிக்கும் சொல் அது. அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கும் 'ஸுஃப்ரா'வின் உறவு. தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் பாயின் மேல் விரித்து உணவு வைக்கும் துணியையும் சுப்ரா என்று சொல்வதுண்டு. பல ஆயிரம் மைல் தூரத்தில், வேறு மதமும் வேறு மொழியும் கொண்ட மக்கள், அதே சொல்லின் மேல் தமது கோப்பைகளை வைக்கிறார்கள். அவர்கள் ரொட்டி சுடும் களிமண் அடுப்பின் பெயர் 'தோனே'. வட இந்தியரின் 'தந்தூர்', அரபியின் 'தன்னூர்' ஆகியவற்றோடு உறவுடைய பெயர் இது. தன்னூர் என்ற சொல் அல்குர்ஆனில் நூஹ் நபியின் வரலாற்றில் வருவதை ஹூத் அத்தியாயம் ஓதியவர்கள் அறிவர்.

சுப்ராவில் 'தமடா' எனப்படும் ஒருவர் தலைமை வகிப்பார். அவர் ஒவ்வொரு சுற்றிலும் எழுந்து விருந்தினரையும், பெற்றோரையும், இறந்துபோனவர்களையும் நினைத்துப் பேசுவார். விருந்தாளி இறைவனிடமிருந்து வருபவர் என்பது அவர்களின் பழமொழி. அந்த விருந்தில் திராட்சை மது முக்கிய இடம் பெறுவதால் அதில் எமக்குப் பங்கில்லை. ஆனால் அவர்கள் விரும்பிப் பருகும் வாசனைப் புல் சேர்த்த இனிப்புப் பானத்தைக் கையில் எடுத்து அந்த நல்ல பேச்சைக் கேட்கத் தடையில்லை. கிங்காலியில் பன்றி இறைச்சி கலப்பது நகரக் கடைகளில் சாதாரணம் என்பதால், கேட்டுவிட்டே உண்ண வேண்டும். காளான், உருளைக்கிழங்கு, பாற்கட்டி வைத்த கிங்காலிகளும் உண்டு. ஜோர்ஜியரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முஸ்லிம் என்பதை 2014ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு காட்டியது. தோணிக் கச்சாபுரியின் தாயகமான அஜாராவில் முஸ்லிம் கிராமங்கள் உள்ளன. திபிலீசியின் பழைய நகரில் உள்ள ஜும்ஆப் பள்ளியில் சுன்னாக்களும் ஷீஆக்களும் ஒரே கூரையின்கீழ் தொழுகிறார்கள்.

அந்நியர் கடையில் உண்பதற்குத் தன் ஒழுக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்களை இழிவாகப் பார்க்க வேண்டியதும் இல்லை. கேட்பது, தெரிந்துகொள்வது, ஆகுமானதை உண்பது, ஆகாததைப் பணிவாகத் தவிர்ப்பது ஆகியவை போதும். ஒரு சைவர் எமது ஊர்க் கடைக்கு வந்து "இதில் மாட்டிறைச்சி சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்பதும் இதே கேள்விதான். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் உண்மையான பதில் சொல்வது கடைக்காரரின் கடமை. எமது கேள்விக்கு நாம் எதிர்பார்க்கும் மரியாதை அவரது கேள்விக்கும் உரியது.

அம்பாறையில் உடைந்த நம்பிக்கை

நம்பிக்கை உடைந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, எமது அயல் மாவட்டமான அம்பாறையின் நகரில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உண்ண வந்தவர்கள் ஆணத்தில் ஏதோ கட்டியைக் கண்டார்கள். சிங்களவர் பிள்ளை பெறாதிருக்க முஸ்லிம் கடைகளில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி ஏற்கெனவே முகநூலில் பரவியிருந்தது. "மாத்திரை போட்டாயா?" என்று கூட்டம் சூழ்ந்து நின்று கேட்டது. சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் அச்சத்தில் தலையாட்டினார். கைத்தொலைபேசியில் பதிவான அந்தக் காட்சி, ஒப்புதல் வாக்குமூலம் என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிக்கப்பட்டன. சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியிலும் வேறொரு காரணத்தைக் கொண்டு வன்செயல் வெடித்தது. மார்ச் 6ஆம் திகதி அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது.

பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. கடையிலிருந்து எடுத்த மாதிரியில் மலட்டு மருந்து எதுவும் இல்லை. அந்தக் கட்டி வெறும் மாவுக் கட்டி. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என ஒன்று மருத்துவ உலகில் இல்லை என்பதை வைத்தியர்களும் விளக்கினார்கள். ஆனால் அறிக்கை வரும்போது கடை இல்லை.

மாவு எப்படிக் கட்டியாகிறது?

இது எமது குசினியில் தினமும் நடக்கும் இரசாயனம். கோதுமை மாவில் பெரும்பங்கு மாச்சத்து. அது மிக நுண்ணிய மணிகளாக இருக்கிறது. குளிர்ந்த நீரில் இம்மணிகள் கரைவதில்லை, பிரிந்து மிதக்கும். நீரின் வெப்பம் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது மணிகள் நீரை உறிஞ்சி வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப் பசையாகின்றன. ஆணம் தடிப்பது இதனால்தான்.

இனி, கொதிக்கும் ஆணத்தில் உலர்ந்த மாவை நேரடியாகக் கொட்டினால் என்ன நடக்கும்? குவிந்து விழும் மாவின் வெளிப்புறம் உடனே பசையாகிவிடும். அந்தப் பசை ஒரு உறைபோல் உள்ளிருக்கும் மாவை மூடிக்கொள்ளும். நீர் உள்ளே போக வழியில்லை. வெளியே வழுவழுப்பும் உள்ளே வெள்ளை மாவுமாக ஒரு உருண்டை கிடைக்கும். பார்ப்பவருக்கு அது கரையாத மாத்திரைபோல் தெரியலாம். இதைத் தவிர்க்கத்தான் மாவை முதலில் குளிர்ந்த நீரில் கரைத்து, பிறகு கிளறிக்கொண்டே ஊற்றும்படி வீட்டில் சொல்லித் தருகிறார்கள். சாதாரணதர விஞ்ஞானப் பாடத்தில் மாச்சத்துக்கு அயடீன் சோதனை செய்கிறோம் அல்லவா? கட்டியின் மேல் ஒரு துளி அயடீன் விட்டால் நீலக் கருமை தோன்றும். அது மாச்சத்து என்று தெரிந்துவிடும். பாடசாலை ஆய்வுகூடத்தில் இரண்டு நிமிடத்தில் பார்க்கக்கூடியதைப் பார்க்க ஒருவரும் அந்த இரவில் காத்திருக்கவில்லை.

அறிவு இல்லாததால் மட்டும் இது நடக்கவில்லை. மாவுக் கட்டியைக் கண்ட சிங்களத் தாய்மாரும் தமது வீட்டில் அதேபோன்ற கட்டியைப் பலமுறை கண்டிருப்பார்கள். சொந்த வீட்டில் கண்டால் அது சமையல் பிழை. அயலவர் கடையில் கண்டால் அது சதி. இந்த மாற்றத்தைச் செய்தது ஏற்கெனவே மனதில் ஊற்றப்பட்டிருந்த சந்தேகம்.

இரு கரைகளின் கணக்கு

எமது பிரதேசமும் இந்தப் பாடத்தைப் படித்ததுதான். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அக்காலத்தில் தமிழ்க் கிராமங்களும் பெரும் இழப்புகளைக் கண்டன. ஒருவர் ஊருக்குள் மற்றவர் காலடி வைக்கவே அஞ்சிய காலம் அது. உயிருக்கே உத்தரவாதமில்லாத இடத்தில் அயலவரின் தேத்தண்ணிக் கடை வாங்குகளை யார் நாடுவார்?

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பில் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அந்தக் கொடுமையைச் செய்தவர்களை முஸ்லிம் சமூகம் தம்மவர் என்று ஏற்கவில்லை. ஆயினும் நாட்டின் பல இடங்களில் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும்படி பிரசாரம் நடந்தது. மே மாதத்தில் மினுவாங்கொடை, குருநாகல் பகுதிகளில் கடைகள் எரிந்தன. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் துயரம் உண்மை. அந்தக் குற்றத்தில் பங்கில்லாத ஒரு ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பு அணைந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக் கடை சமாதானத்தை உண்டாக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் சமாதானம் இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல அளவுகோல். ஆரையம்பதியிலிருந்து காத்தான்குடிக்குப் புரியாணி வாங்க வருகிறார்களா? ஏறாவூரிலிருந்து செங்கலடிக்குத் தோசை தின்னப் போகிறார்களா? இவற்றைக் கவனித்தால், மேடைப் பேச்சுகள் சொல்லாததை அறியலாம்.

நம்பிக்கைக்கும் நிபந்தனை உண்டு

நம்ப வேண்டும் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உண்ணும்படி சொல்லவில்லை. வதந்தியை நம்பாதிருப்பது எவ்வளவு அவசியமோ, உண்மையான அசுத்தத்தைக் கேள்வி கேட்பதும் அவ்வளவு அவசியம்.

இலங்கையில் உணவு விற்பனையை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கடைக்கு உள்ளூராட்சி மன்றத்தின் வியாபார அனுமதிப்பத்திரம் வேண்டும். அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையைப் பரிசோதித்து, குறை கண்டால் வழக்குத் தொடரலாம். பழுதான உணவு கிடைத்தால் முறையிட வேண்டியது அவரிடமே. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. முறைப்பாடு செய்யும் வழி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, காட்சியைப் படம் பிடித்து முகநூலில் போடுவது முறைப்பாடு ஆகாது.

உண்ணுமுன் நாம் பார்க்கக் கூடியவையும் உண்டு. சமைத்தவர் கையுறையோ இடுக்கியோ பாவிக்கிறாரா, பணம் வாங்கும் கையாலேயே ரொட்டியை எடுக்கிறாரா? கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா? சோறு ஆவி பறக்க வருகிறதா? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி எளிது. சமைத்த உணவு 60 பாகைக்கு மேல் சூடாகவோ 5 பாகைக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். எமது ஊரின் பகல் வெப்பம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. எனவே சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. சோற்றில் இது இன்னும் முக்கியம். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பி, சோறு ஆறியிருக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். அதன்பின் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மத்தியானப் பார்சலை இரவுக்கு வைத்து உண்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பார்சல் என்றதும் மற்றொன்று. சோறு சுற்றும் பொலித்தீன் தாள்களும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளும் 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. இருந்தும் வாவியோரத்தில் இன்றும் ஒதுங்குபவற்றில் அவையும் அடக்கம். நாம் எறிந்த தாள் கிடக்கும் நீரில்தான் அடுத்த வாரம் உண்ணப்போகும் இறால் வளர்கிறது. வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் கொண்டு போனால் கடைக்காரர் மறுக்கமாட்டார்.

பெண்கள் அமரும் மேசை

உம்மம்மா காலத்தில் ஹோட்டல் என்பது ஆண்களின் இடம். பெண்களுக்கு அங்கிருந்து பார்சல்தான் வந்தது. இன்று எமது ஊர்களின் பல கடைகளில் குடும்பத்தினருக்கென்று தனி அறையோ, திரையிட்ட மேசையோ இருக்கிறது. தாயும் பிள்ளைகளும் மாமியும் அமர்ந்து சூடாக உண்கிறார்கள். இது வசதிக்காக வந்த மாற்றம் என்று மட்டும் எண்ணக்கூடாது. பல்கலைக்கழகம், வேலை, வைத்தியசாலை என்று பெண்கள் வெளியூர் போகும் காலத்தில், பாதுகாப்பாக அமர்ந்து உண்ண ஓரிடம் இருப்பது தேவை. கொழும்புக்கோ பேராதனைக்கோ படிக்கப் போகும் மகள் அயலவர் கடையில் எப்படி அமர்வது, எதைக் கேட்பது, எதைத் தவிர்ப்பது என்பதைப் பெற்றோர் கூட இருக்கும்போதே பழகிக்கொள்வது நல்லது. மாதத்தில் ஒருநாள் பிள்ளையிடமே உணவுப் பட்டியலைக் கொடுத்து, விலையைக் கூட்டிப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்க விடுங்கள். அதுவும் ஒரு பாடம்.

சஹனில் ஆறு பேர்

ஒரே பாத்திரத்தில் ஆறு பேர் சுற்றியமர்ந்து உண்ணும் சஹன் முறை எமது கல்யாண வீடுகளில் இன்னும் வாழ்கிறது. தட்டு என்று பொருள்படும் அரபுச் சொல் அது. சஹனில் உண்பவருக்கு எழுதாத விதிகள் சில உண்டு. தன் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். இறைச்சித் துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது நற்பண்பு. மற்றவர் கை எடுக்கும்வரை தானும் கூட இருப்பது மரியாதை. முன்பின் அறியாத ஆறு பேர் ஒரு சஹனில் அமர்ந்தாலும், எவரும் அடுத்தவர் கையைச் சந்தேகிப்பதில்லை.

சாப்பாட்டுக் கடை என்பதும் பெரியதொரு சஹன்தான். அதைச் சுற்றி அமர்ந்திருப்போர் ஆறு பேரல்லர். எழுவான்கரையும் படுவான்கரையும் அதற்கு அப்பாலும் உள்ளவர்கள். அங்கேயும் அதே விதிகள் செல்லும். தன் பக்கத்தைச் சுத்தமாக வைத்திருப்பது கடைக்காரர் கடமை. அடுத்தவர் பக்கத்தைப் பழிக்காதிருப்பது வாடிக்கையாளர் கடமை.

இனியொரு நாள் யாரோ ஒருவரின் கடையைப் பற்றி, அது எந்தச் சமூகத்தவரின் கடையானாலும், ஒரு காட்சி எமது கைத்தொலைபேசிக்கு வரத்தான் போகிறது. அதை அடுத்தவருக்கு அனுப்புமுன், குசினியில் நிற்கும் உம்மாவிடம் காட்டி ஒரு கேள்வி கேட்போம்: "உம்மா, மாவைக் குளிர்ந்த தண்ணியில் கரைக்காமல் போட்டால் இப்படித்தானே வரும்?"